கூட்டத்துக்கு வாங்க, விளையாடிட்டுப் பேசலாம்!



குடும்ப நலக் கூட்டம் எப்படி நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆண்கள் வாசல் ஓரம், பெண்கள் சுவர் ஓரம். நர்சம்மா பேசுவார், எல்லோரும் தலையாட்டுவார்கள். "சந்தேகம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டால் ஒரு சத்தமும் வராது. வீட்டுக்குப் போகிற வழியில்தான் சந்தேகமெல்லாம் கிளம்பும்! மாமியாரும் கொழுந்தனாரும் இருக்கும் இடத்தில் மருமகள் எப்படி வாய் திறப்பாள்? அதனால்தான் முதலில் சில விளையாட்டுகள். "என்ன சின்னப்பிள்ளைத்தனம்" என்று ஒதுங்காதீர்கள்.

அறிமுகத்தின்போது தன்னைப் பற்றிச் சொல்லாமல் தன் துணையைப் பற்றிச் சொல்லவேண்டும். "எங்க வீட்டுல அவளுக்குக் கருவாட்டுக் குழம்புன்னா உசுரு" என்பார் கணவர். "யாரு சொன்னா? உங்களுக்காகத்தானே வைக்கிறேன்!" என்பார் மனைவி. கூட்டமே சிரிக்கும். கணவர் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களை வற்புறுத்தவேண்டாம். "எங்க வீட்டுக்காரர்" என்றால் போதும். "எத்தனை பிள்ளைங்க?" என்ற கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம். பிள்ளையில்லாத தம்பதி அங்கே இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் சொக்கும். அப்போது பூசணிக்காய் ஆட்டம். ஒருவர் "பெரிய பூசணி" என்று சொல்லிக் கையைச் சின்னதாகக் காட்டவேண்டும். அடுத்தவர் "சின்னப் பூசணி" என்று சொல்லிக் கையை அகல விரிக்கவேண்டும். நாலைந்து பேருக்குள் யாராவது தப்புவிடுவார்கள். கர்ப்பிணிகள் உட்கார்ந்தே ஆடலாம். ஓடிப்பிடிப்பது, ஆணும் பெண்ணும் கைகோப்பது நம்ம ஊர்க் கூட்டத்துக்கு ஒத்துவராது.

எல்லாவற்றிலும் பயனுள்ளது பானை விளையாட்டுதான். எழுதப் படிக்கத் தெரியவேண்டியதில்லை. இரண்டு மண்பானைகளைத் துணியால் மூடிவையுங்கள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு கூழாங்கல். நர்சம்மா ஒரு பேச்சைச் சொல்வார்: "ஆம்பளை ஆபரேஷன் பண்ணிக்கிட்டா உழைக்கத் தெம்பு போயிடும்." நிஜம் என்று நினைத்தால் கொட்டையை முதல் பானையில் போடுங்கள், பொய் என்றால் கல்லை. மிச்சமிருப்பது இரண்டாவது பானைக்கு. கல் விழும் சத்தம் காட்டிக்கொடுக்காமலிருக்க அடியில் கொஞ்சம் மணல் பரப்புங்கள். பிறகு முதல் பானையைக் கொட்டி எண்ணுங்கள். கொட்டைகள் குவிந்தால், "நமக்கு மட்டுமில்ல இந்தப் பயம்" என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பேச்சும் தானாக வரும்.

இந்தப் பயத்தைப் பேசியே ஆகவேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மணமானவர்களில் 100க்கு சுமார் 38 பேர் பெண் ஆபரேஷனை நம்பியிருக்கிறார்கள். ஆண் ஆபரேஷன் 0.3 மட்டுமே. பாரமெல்லாம் வீட்டுக்காரம்மா மேலேதான்!

ஆண் ஆபரேஷனில் விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். விரை அப்படியே இருக்கும். தெம்பும் ஆசையும் குறையாது. நவீன முறையில் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்கிறார்கள். கத்தியும் தையலும் கிடையாது. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் ஓய்வு வேண்டும், ஒரு வாரம் பாரம் தூக்கக்கூடாது. ஒன்றை மறக்காதீர்கள்: ஆபரேஷன் ஆன உடனே பாதுகாப்பு வந்துவிடாது. மூன்று மாதம் நிரோத் அல்லது வேறு முறை அவசியம். பிறகு விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்று தெரிந்தபின்தான் நிறுத்தலாம்.

எந்தக் கொட்டை யார் போட்டது என்று ஆராயாதீர்கள். பானையைக் காலி செய்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். அதைக் கூட்டத்தில் இருப்பவர்களே சொல்லட்டும்.