பளபளக்கும் பெடலும் ஈரக்காலும்

காருக்குள் ஒரு சுற்று – 19

கியர் பெட்டியைப் பற்றிய சென்ற வாரக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் ஒன்று தருமபுரி மாவட்டம் தீர்த்தமலையிலிருந்து வந்தது. எழுதியவர் ஓசூரில் வேலை பார்க்கும் இளைஞர். சேமித்த பணத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கியிருக்கிறார். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. முதல் வேலையாக அலுமினிய ரேஸிங் பெடல் செட் ஒன்றையும் வாங்கிவிட்டார். “இதை எப்படி மாட்டுவது?” என்று கேட்டிருந்தார். எதை மாட்டலாம், எப்படி மாட்டலாம், எதைத் தொடவே கூடாது என்பதை இந்த வாரம் பார்த்துவிடுவோம்.

அரூரிலிருந்து கோட்டப்பட்டி போகும் சாலையில் இருக்கிறது தீர்த்தமலை. மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர். பாறை இடுக்கிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் தலை நனைக்க, படியேறிப் போகிறவர்கள் நாள்தோறும் உண்டு. நான் போனபோது அடிவாரத்தில் புளியமர நிழலில் இளைஞரின் கார் நின்றிருந்தது. பெட்டியைப் பிரித்தால் மூன்று அலுமினியத் தகடுகள், நான்கைந்து கிளாம்புகள், ஒரு பொட்டலம் ஆலன் ஸ்க்ரூ.

“அண்ணா, பார்க்க நல்லா இருக்குன்னு மட்டும் வாங்கல. பிரேக்க மிதிச்சிக்கிட்டே ஆக்ஸிலேட்டரைத் தட்டணும்னா கால் எட்டவே மாட்டேங்குது” என்றார். சரியான காரணம்தான். பந்தயக்காரர்கள் பெடலை மாற்றத் தொடங்கியதும் இதற்காகத்தான்.

வளைவுக்கு முன்னால் வலது கால் பிரேக்கில் இருக்கிறது. மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்க, இடது கால் கிளட்சில். மூன்றாம் கியர் விகிதம் 1.3, இரண்டாவது 1.9 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதில் 3000 சுற்றில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், அதே வேகத்துக்கு இரண்டாவதில் ஏறக்குறைய 4400 சுற்றில் ஓடியாக வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பாமல் கிளட்சை விட்டால், எஞ்சினை வேகப்படுத்தும் வேலை சக்கரங்கள் தலையில் விழுகிறது. கார் வெடுக்கென்று இழுக்கும். நனைந்த சாலையாக இருந்தால் சறுக்கும். அதனால் பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தியபடி இருக்க, பாதத்தின் வெளி ஓரமோ குதிகாலோ ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறது. இதற்குத்தான் ஹீல் அண்ட் டோ என்று பெயர்.

இது கைகூட வேண்டுமானால் இரண்டு பெடலும் அருகருகே இருக்க வேண்டும். பிரேக்கை அழுத்திய நிலையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். குடும்பக் கார்களில் அப்படி இருப்பதில்லை. தெரிந்தேதான் பிரேக்கை உயர்த்தியும் ஆக்ஸிலேட்டரைத் தாழ்த்தியும் வைத்திருக்கிறார்கள். பதற்றத்தில் ஒரு கால் இரண்டையும் சேர்த்து மிதித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ரேஸிங் பெடல் மாட்டுகிறவர் அந்தப் பாதுகாப்பில் கை வைக்கிறார். அதை உணர்ந்து செய்தால் அரை சென்டிமீட்டருக்குக்கூட மதிப்பு கொடுப்பார்.

இன்றைக்கு நாம் காணும் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்ற வரிசையும் ஆதியிலிருந்தே வந்ததல்ல. ஃபோர்டின் மாடல் டி காரில் மூன்று பெடல்கள் இருந்தன; அவற்றில் ஒன்றுகூட ஆக்ஸிலேட்டர் இல்லை. அது கையால் இயக்கும் நெம்புகோலாக ஸ்டீயரிங்கின் கீழே இருந்தது. நடுப் பெடலை மிதித்தால் கார் பின்னால் போகும். 1916 காடிலாக் காரில் வந்த இன்றைய வரிசை, 1922-ல் வெளிவந்த ஆஸ்டின் செவன் வழியாகப் பரவியது. அதன் பிறகும் பந்தயக் கார்கள் பலவற்றில் ஆக்ஸிலேட்டர் நடுவிலேயே இருந்தது.

நம் ஊரில் காரைப் பந்தயத்துக்கு மாற்றும் வித்தை வளர்ந்த இடம் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்தில், சாலையில் ஓடிய கார்களையே பட்டறையில் அறுத்து, ஒட்டி, பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்தது. கோவையில் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்ற அந்தக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டினார். இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் ஓட்டுநர் அவர். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒற்றை இருக்கைக் கார்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அங்கே இருக்கை அசையாது. உயரமானவர் உட்கார்ந்தாலும் குள்ளமானவர் உட்கார்ந்தாலும் பெடலைத்தான் முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். காலின் நீளத்தையும் பாதத்தின் அகலத்தையும் காலணியின் கனத்தையும் அளந்த பிறகே ஸ்பானரை எடுப்பார்கள். பெடல் என்பது அளவெடுத்துத் தைக்க வேண்டிய பொருள்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிரேக் பெடல் ஒரு நெம்புகோல். பாறையை நெம்பும் கடப்பாரை செய்யும் அதே வேலை. மேலே உள்ள அச்சிலிருந்து கால் படும் இடம் 300 மி.மீ., தள்ளுகம்பி இருக்கும் இடம் 75 மி.மீ. என்றால் விகிதம் நான்கு. காலால் 30 கிலோ அழுத்தினால் தள்ளுகம்பியில் 120 கிலோ. மீதியை, காலின் விசையைப் பெருக்கும் வேக்குவம் பூஸ்டர் பார்த்துக்கொள்ளும். பூஸ்டர் இல்லாத பந்தயக் காரில் விகிதத்தை ஐந்து, ஆறு என்று கூட்டுவார்கள். ஆறு என்றால் அதே 30 கிலோ 180 ஆகிறது. பிரேக் எண்ணெயை அழுத்தும் 19 மி.மீ. விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரில் அது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 63 கிலோ அழுத்தம். சிலிண்டரை 16 மி.மீ. ஆக்கினால் அழுத்தம் 90 கிலோ அளவுக்கு ஏறும். ஆனால் பெடல் முன்பைவிட 40 சதவீதம் கூடுதலாக உள்ளே போகும். ஒன்றில் லாபம் என்றால் இன்னொன்றில் நஷ்டம். பிரேக்கில் இலவசமாக எதுவும் கிடைக்காது.

கடையில் ரேஸிங் பெடல் என்ற பெயரில் கிடைப்பவை மூன்று வகை. பழைய ரப்பரின் மேல் கிளாம்பு போட்டு இறுக்கும் மேலுறை முதல் வகை. விலை குறைவு, ஆபத்து அதிகம். அடியில் இருக்கும் ரப்பர் நெகிழ்ந்துகொண்டே இருப்பதால் கிளாம்பின் பிடி நாளுக்கு நாள் தளரும். ரப்பரைக் கழற்றிவிட்டு, பெடலின் இரும்புத் தகட்டிலேயே துளையிட்டு போல்ட் போடுவது இரண்டாவது. சாலையில் ஓடும் காருக்கு இதுவே எல்லை. மூன்றாவது, பெடல் பாக்ஸ். பழைய பெடல்களையும் பூஸ்டரையும் மொத்தமாக எடுத்துவிட்டு, முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று என்று இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களோடு பொருத்துவது. நடுவில் பேலன்ஸ் பார் இருக்கும். அதைத் திருகி, பிரேக் முன்னால் அதிகம் பிடிக்க வேண்டுமா பின்னால் பிடிக்க வேண்டுமா என்று ஓட்டுநர் தீர்மானிப்பார். பந்தயத் தடத்துக்கு மட்டுமே ஓடும் காரில் அது அருமையான கருவி. சாலைக் காரில் அதற்கு இடமில்லை.

இளைஞர் வாங்கியிருந்தது முதல் வகை. அதன் கிளாம்புகளை ஒதுக்கிவிட்டு, பிரேக், கிளட்ச் தகடுகளை போல்ட் போட்டு மாட்ட முடிவு செய்தோம். ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளி, தலையைக் கால்குழிக்குள் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் அந்த இடம் எவ்வளவு குறுகியது என்று புரியும். ரப்பரை உரித்ததும் துருவேறிய இரும்புத் தகடு தெரிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுத் தகட்டை மேலே வைத்து, ஓரத்திலிருந்து ஓரம் அளந்து மையக் குறி இட்டோம். துளை தகட்டின் விளிம்புக்கு மிக அருகில் வரக் கூடாது. வந்தால் அங்கேதான் விரிசல் தொடங்கும். போல்ட்டின் பின்னால் சாதாரண நட்டு போட்டால் அதிர்வில் கழன்றுவிடும். நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு போட்டு, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனையை அறுத்து மழுக்கினோம். அந்த முனை கார்ப்பெட்டில் சிக்கினால் பெடல் திரும்பி வராது.

ஆக்ஸிலேட்டரில் துளையே போடவில்லை. இன்றைய கார்களில் அது பிளாஸ்டிக் கை, கேபிளும் கிடையாது. உள்ளே இருக்கும் இரண்டு சென்சார்கள் காலின் நிலையை வெவ்வேறு மின்னழுத்தங்களாக, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ECU-வுக்குச் சொல்கின்றன. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் எஞ்சின் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அந்தப் பிளாஸ்டிக்கில் ட்ரில் போட்டால் கை பலவீனமாகும், ஒருநாள் உடையும். அந்தப் பெடல் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ரப்பர் போய் மெல்லிய தகடு வந்ததில் பிரேக்கின் மட்டம் சற்றே தாழ்ந்திருந்தது. தகட்டின் வலது ஓரமும் ஆக்ஸிலேட்டர் பக்கம் கொஞ்சம் நெருங்கியது. கால் எட்டுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே அவருடைய ஷூ தாராளமாகப் புகுந்து வெளியே வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். கடைசியாக பிரேக் லைட் ஸ்விட்ச். பெடலின் கை அதைத் தொட்டுக்கொண்டுதான் ஓய்வில் நிற்கிறது. அது நகர்ந்தால் பின்விளக்கு எப்போதும் எரியும், அல்லது எரியவே எரியாது. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்த்தே தீர வேண்டும்.

வேலை முடிந்த பிறகு ஒரு சோதனை. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். ராமர் தீர்த்தத்தில் நனைந்த வேட்டி, வெறுங்கால். அப்படியே காரில் ஏறுகிறார்கள். இளைஞரையும் பாதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பாலிஷ் போட்ட அலுமினியத்தில் கால் ஓரமாக வழுக்கியது. ரப்பரில் அப்படி வழுக்காது. கார் கம்பெனிக்காரர்கள் ரப்பர் வைத்தது இதற்காகத்தான். பந்தயப் பெடல்களைப் பாருங்கள். அவற்றின் முகம் பளபளக்காது. அரம் போலச் சொரசொரப்பாக இருக்கும், அல்லது உப்புத்தாள் போன்ற பிடிப்புப் பட்டை ஒட்டியிருக்கும். அணிவதும் மெல்லிய அடிப்பாகமுள்ள தனிக் காலணி. பளபளப்புக்கும் பந்தயத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த இரண்டு தகடுகளிலும் பிடிப்புப் பட்டை ஒட்டிய பிறகே காரை நகர்த்த விட்டேன்.

பெடலை மாற்றுகிறவர்கள் கால்மிதி மேட்டை மறந்துவிடுகிறார்கள். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே லெக்சஸ் கார் ஒன்று நிறுத்த முடியாமல் பாய்ந்து, உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். வேறு மாடலுக்கான கனத்த ரப்பர் மேட்டைப் போட்டிருந்ததில் ஆக்ஸிலேட்டர் அதில் சிக்கிக்கொண்டது என்று விசாரணையில் தெரிந்தது. அடுத்த மாதமே டொயோட்டா லட்சக்கணக்கான கார்களுக்கு எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. கீழ் நுனி நீண்ட ரேஸிங் பெடலும் தடித்த மேட்டும் சேர்ந்தால் அதே ஆபத்துதான். மேட்டைக் கொக்கியில் மாட்டுங்கள். மேட்டின் மேல் மேட் போடாதீர்கள்.

சட்டமும் இதில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை அம்சங்களிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். சாலைக் காரின் பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் கழற்றி பெடல் பாக்ஸ் வைக்கிறவர் உயிரோடும் சட்டத்தோடும் ஒருசேர விளையாடுகிறார்.

இளைஞர் இந்தக் காரில் தீர்த்தமலையிலிருந்து கோவைத் தடத்துக்குப் போக, அரூரைத் தாண்டி மஞ்சவாடிக் கணவாயில் சேலம் இறங்க வேண்டும். தருமபுரி வழியாகச் சுற்றிப் போனால் தொப்பூர் கணவாய். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் லாரிகள் மோதி நான்கு நான்கு உயிர்களைப் பலிகொண்ட அதே இறக்கம். இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் பிரேக்கின் அருமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தை அடக்குவது லாரி ஓட்டுநருக்கும் பந்தயக்காரருக்கும் பொதுவான பாடம். ஹீல் அண்ட் டோ அந்தப் பாடத்தின் மேல்நிலை. அதைப் பழக அருகருகே உள்ள பெடல்கள் உதவும். ஆனால் கழன்று தொங்கும் ஒரு மேலுறை போதும், எல்லாம் வீண்.

என் தீர்ப்பு இதுதான்: சாலைக் காரில் பெடலின் முகத்தை மாற்றலாம், நெம்புகோலை மாற்றக் கூடாது. கிளாம்பு வேண்டாம், போல்ட் வேண்டும். வழவழப்பு வேண்டாம், சொரசொரப்பு வேண்டும். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள், எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பெடலையும் கையால் பிடித்து மேலும் கீழும் இடமும் வலமும் இழுத்துப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் கழற்றிவிட்டுப் பழைய ரப்பரைப் போடுங்கள். புது ரப்பர் சில நூறு ரூபாய்க்குள் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும்.

(சுற்று தொடரும்)