பிடிமண் கொடுக்கும் ஊர்: மதுரைச் சமவெளியில் ஓவியர்களும் சமூகக் கலைப் பட்டறைகளும்

மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து மேலூர், சிங்கம்புணரி, சிவகங்கை ஆகிய ஊர்களை நோக்கிச் செல்லும் சாலைகளின் இருமருங்கும், கண்மாய்க் கரைகளிலும் ஊர் எல்லைகளிலும் அமைந்த ஐயனார் கோயில்களின் முன்னே சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். இக்குதிரைகளை நேர்த்திக்கடன் பொருள்கள் என்று சிலரும் நாட்டுப்புறச் சிற்பங்கள் என்று வேறு சிலரும் வகைப்படுத்துவர். இரண்டும் பொருந்துவனவே என்றாலும், அவை உருவாகும் முறையைக் கூர்ந்து நோக்கினால், இன்று அரசுத் துறைகளும் தன்னார்வ அமைப்புகளும் ‘சமூகக் கலைப் பட்டறை’ என்ற பெயரில் அமைக்க முயலும் ஏற்பாட்டின் முக்கியக் கூறுகள் பலவும் இந்தச் சமவெளியில் வெகுகாலமாகவே நடைமுறையில் இருந்து வருவது புலப்படும்.

இக்குதிரைகளைச் செய்து கோயிலுக்குக் கொண்டு சேர்க்கும், புரவி எடுப்பு என்று அழைக்கப்படும் விழா, ஊரார் கூடி முடிவெடுத்த பிறகு, வேளார் எனப்படும் மண்பாண்டக் கலைஞரிடம் ஒரு பிடி மண்ணைக் கொடுப்பதில் தொடங்குகிறது. ‘பிடிமண் கொடுத்தல்’ என்னும் இச்சடங்கு வேலையை ஒப்படைக்கும் ஒப்பந்தமாகவும் வழிபாட்டின் முதற்படியாகவும் ஒருசேர அமைகிறது. வேளார் கண்மாய் மண்ணைக் குழைத்து, மணலும் உமியும் வைக்கோலும் கலந்து பதப்படுத்தி, கால்களைத் தனித்தனிக் குழல்களாக நிறுத்தி, அவற்றின் மீது உடலையும் கழுத்தையும் தலையையும் படிப்படியாக எழுப்பி, நிழலில் உலர்த்திச் சூளையிட்டு, சுண்ணாம்பு வெள்ளையடித்து வண்ணம் தீட்டுகிறார். அரண்மனைப் புரவி, கிராமப் புரவி, தனிக் குடும்பங்களின் நேர்த்திக்கடன் புரவி என்ற பாகுபாட்டுடன், குழந்தை வரம் வேண்டியோருக்கான மதலைப் பொம்மைகளும் மாட்டுருவங்களும் செய்யப்படுகின்றன. விழா நாளன்று புரவிப் பொட்டலில் வரிசையாக நிறுத்தப்படும் இவ்வுருவங்களை ஊரார் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டு சேர்க்கின்றனர். அதன்பின் அவை வெயிலிலும் மழையிலும் சிதைய விடப்படுகின்றன; பழையவற்றைப் பழுது பார்ப்பதை விட மறுமுறை புதியவற்றைச் செய்வதே மரபு. 1980களில் மதுரைப் பகுதி வேளார்களை ஆராய்ந்த கனடிய மானுடவியலாளர் ஸ்டீஃபன் இங்லிஸ், இவர்கள் உருவங்களைப் படைப்பவர்களாகவும் அவற்றுக்கு உயிரூட்டும் பூசாரிகளாகவும் ஒரே நேரத்தில் விளங்குவதை விரிவாக எழுதியுள்ளார்.

இதில் கவனிக்க வேண்டியது கலைஞரின் இடம். அவர் ஊருக்கு வெளியிலிருந்து தம் படைப்பைக் கொண்டுவந்து காட்டிவிட்டுச் செல்பவர் அல்லர். ஊர் அழைத்த பிறகே வருகிறார், ஊர் கொடுத்த மண்ணிலிருந்து தொடங்குகிறார், இறுதியில் ஊராரே சுமக்கக்கூடிய ஒன்றைச் செய்து தருகிறார். ஆனால் உருவம் செய்யும் வேலை மட்டும் அவர் கையிலேயே தங்கிவிடுகிறது, அதுவும் ஒரு குறிப்பிட்ட சாதியின் உரிமையாக. சமூகக் கலைப் பட்டறை இந்தக் கடைசி வேலியை அகற்ற முற்படுவது: அதாவது, பயிற்சி பெற்ற கலைஞர் ஒருவரின் வழிகாட்டலில், முன்பயிற்சி இல்லாத சிறுவர்களோ பெண்களோ முதியவர்களோ தங்கள் கையாலேயே ஓவியமோ சிற்பமோ ஒளிப்படமோ உருவாக்கும் கூட்டுச் செயல். ஓவிய வகுப்பின் நோக்கம் மாணவரை ஓவியராக்குவது; பட்டறையில் பங்கேற்பவர் ஓவியராகத் தேவையில்லை, தம் தெருவையோ தொழிலையோ நினைவையோ பிறர் பார்க்கும்படி ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தால் போதும். ஆகவே இதை நடத்துபவருக்குச் சொந்தக் கைத்திறனைப் போலவே, அதை அடக்கி வைத்துக்கொண்டு பிறர் கையைச் செயல்பட விடும் பொறுமையும் வேண்டியிருக்கிறது. நல்ல ஓவியர்கள் பலர் இதில் தோற்றுப்போவது வியப்பன்று.

அத்தகைய பொறுமை வாய்ந்தோர் மதுரையில் கிடைப்பார்களா என்ற கேள்விக்கு, திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியிலிருந்து விடை தேடலாம். பரிதிமாற் கலைஞர் பிறந்த ஊராகத் தமிழ் வாசகர் அறிந்த இக்கிராமத்தில், நவராத்திரிக் கொலு பொம்மைகளும் விநாயகர் உருவங்களும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் குடும்பத் தொழிலாகச் செய்யப்படுகின்றன. ஒரே வீட்டு முற்றத்தில் தசாவதார வரிசையும் மாட்டுத்தொழுவத்துக் குழந்தை இயேசுவும் அடுத்தடுத்து உலர்ந்துகொண்டிருப்பது இங்கே இயல்பான காட்சி. அச்சில் மண்ணை அழுத்துதல், பாதிகளை ஒட்டுதல், மெருகிடுதல், வண்ணம் தீட்டுதல் என வேலை பல கைகளுக்குப் பிரிந்து செல்வதால், புதியவர் ஒருவரை எந்தக் கட்டத்திலும் சேர்த்துக்கொள்ள முடிகிறது. வண்ணம் தீட்டுவதில் பெண்களின் பங்கு மிகுதி என்பதால், பெண்கள் குழுக்களுக்கான பட்டறையை நடத்தத் தகுந்தவர்களும் இங்கேயே இருக்கின்றனர். எனினும் கொலுவுக்கு முந்தைய மாதங்களில் அவர்களை அழைப்பது அறுவடைக் காலத்தில் உழவரைக் கூட்டத்துக்கு அழைப்பதற்கு ஒப்பாகும்; தொழிலின் பருவம் அறியாத அமைப்பாளர்கள், ‘அழைத்தும் வரவில்லை’ என்று அவர்களைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

அதிகம் கவனிக்கப்படாத மற்றொரு பிரிவினர், திரைப்படப் பேனர்களையும் கடைப் பலகைகளையும் கட்சிச் சுவரெழுத்துகளையும் கையால் வரைந்து வாழ்ந்த ஓவியர்கள். கடந்த நூற்றாண்டின் இறுதி வரை மதுரைத் திரையரங்குகளின் முகப்புகளை நிறைத்த இவர்களின் தொழில், 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ஃபிளக்ஸ் எனப்படும் கணினி அச்சுப் பலகைகள் பரவியதும் சரிந்தது. 2009இல் சென்னை மாநகராட்சி, சுவரொட்டிகளையும் சுவரெழுத்துகளையும் தடுக்கும் நோக்கில் அண்ணா சாலையின் பொதுச் சுவர்களில் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தபோது, வேலையிழந்த பேனர் ஓவியர்கள் பலருக்கு அது மீண்டும் தூரிகை எடுக்கும் வாய்ப்பாயிற்று. அங்கே பொதுமக்கள் பார்வையாளர்களாக மட்டுமே இருந்தனர் என்பதால் அதைச் சமூகக் கலை என்று சொல்ல இயலாது. ஆனால் இந்த ஓவியர்களிடம் உள்ள ஒரு நுட்பம் பட்டறைக்கென்றே செய்தது போன்றது. சிறிய ஒளிப்படத்தின் மீது கட்டங்கள் போட்டு, அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்களைச் சுவரிலோ துணியிலோ இட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கோடுகளைப் பெயர்த்து வரைவது அவர்கள் முறை. தலைமை ஓவியர் புறக்கோடு போட, உதவியாளர்கள் அடிவண்ணம் நிரப்ப, முகத்தை மட்டும் தலைமை ஓவியரே முடிக்கும் இவ்வேலைப் பிரிவினை, நாற்பது சிறுவரை ஒரே சுவரில் ஈடுபடுத்த வேண்டியவருக்கு எந்தப் பாடநூலும் கற்றுத் தராத கருவி. பேனர் ஓவியரைக் ‘கலைஞர்’ என்ற பட்டியலில் சேர்க்கத் தயங்கும் மனப்போக்கினால் நேரும் இழப்பு பட்டறைக்கு வருபவர்களுக்கே.

முறையான கலைக்கல்வியைப் பொறுத்தவரை மதுரையின் நிலை சற்று வேறு. பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்க, அரசு கவின்கலைக் கல்லூரிகளோ சென்னையிலும் கும்பகோணத்திலுமே உள்ளன. சென்னைக் கல்லூரி 1850இல் தோன்றியது. மதுரையில் பிறந்த டிராட்ஸ்கி மருது போன்றோர் அங்கே சென்று படித்துத் தலைநகரிலேயே நிலைகொண்டனர். மனோகர் தேவதாஸ் தம் பார்வை மங்கிவந்த ஆண்டுகளிலும் மதுரையின் கோபுரங்களையும் வீதிகளையும் மைக்கோட்டுச் சித்திரங்களாக வரைந்தது சென்னையில் இருந்துகொண்டுதான். ஊரிலேயே தங்கியவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஓவிய ஆசிரியர்கள். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குக் கலைக்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்ததைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரைநாள் பணிக்கு நியமிக்கப்பட்டனர். ஊதியம் பின்னர் படிப்படியாக உயர்ந்தபோதிலும், மே மாதத்துக்கு ஊதியம் இல்லை என்பது இவர்களின் நெடுநாள் குறையாக இருந்து வந்துள்ளது. சிறுவர்களுக்கான கலைப் பட்டறைகள் பெரும்பாலும் நடப்பதும் அதே மே மாதத்தில்தான் என்பதை எந்தத் துறையும் இணைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தூரிகைக்குப் பதிலாகக் கேமராவைக் கையிலெடுத்தவர்களில் மதுரை ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமார் தனித்துக் குறிப்பிடத் தக்கவர். கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பதிவு செய்த ‘கக்கூஸ்’ என்ற ஆவணப்படத்தில் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றி, பின்னர் ‘பாரி’ எனப்படும் ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தின் ஒளிப்படக் கலைஞராகி, 2022இல் அந்நிறுவனத்தின் முதலாவது தயாநிதா சிங் விருதைப் பெற்ற இவர், உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒளிப்படப் பயிற்சி அளிப்பதைத் தம் பணியின் ஒரு பகுதியாகவே கொண்டுள்ளார். வடசென்னை மாணவர்களிடம் கேமராவைக் கொடுத்துத் தங்கள் தெருவைத் தாங்களே படம் எடுக்கச் செய்தது அவ்வகைப் பணி. பிறர் வந்து படமெடுக்கும் பொருளாகவே இருந்து வந்த பகுதி, தானே பார்வையைத் தீர்மானிக்கும் நிலைக்கு மாறுவது இங்கே நிகழ்கிறது.

இத்தகைய பணிக்குக் காலம் எவ்வளவு முக்கியம் என்பதை ஈழத்து மட்டக்களப்பு காட்டுகிறது. 1996இல், போர் நடந்துகொண்டிருந்த வேளையில், இயேசு சபைத் துறவியான பால் சற்குணநாயகம் அடிகளும் கனடிய ஓவியர் பால் ஹோகனும் அங்கே தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குத் தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் ஒரே பேருந்தில் அழைத்து வரப்பட்டனர். வண்ணம், களிமண், கதை, பாட்டு, செடிகொடிகள், வளர்ப்பு விலங்குகள் ஆகியவற்றோடு, வாரம் ஒருநாளாகப் பல மாதங்கள் அவர்கள் அங்கே கழித்தனர்; உடனிருந்து வழிநடத்தியோர் உள்ளூர் இளைஞர்கள். துயரத்தைச் சொல்லுமாறு எந்தச் சிறுவரும் வற்புறுத்தப்படவில்லை. தொடர்ந்து வருவதற்கு ஓர் இடம் இருந்தது என்பதே முதன்மையாகக் கருதப்பட்டது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஓவியர் ஜூடி பாக்கா, வெள்ளநீர்க் கால்வாய் ஒன்றின் சுவரில் 400க்கும் மேற்பட்ட இளைஞர்களைக் கொண்டு அந்நிலத்து மக்களின் வரலாற்றைச் சுமார் 840 மீட்டர் நீளத்துக்கு வரைந்ததும் 1976 முதல் 1983 வரையிலான பல கோடைகளில்தான். ஒருநாள் பட்டறையால் பயனே இல்லை என்பதன்று. ஆனால் காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்குச் சான்றிதழும் பொன்னாடையுமாக முடியும் நிகழ்ச்சியைச் சமூகக் கலை என்று அழைப்பது மிகை.

அழைப்பில்லாமல் வரும் கலையை ஒரு சமூகம் எவ்வாறு எதிர்கொள்ளும் என்பதற்கு மாட்டுத்தாவணிக்கு மிக அருகிலேயே சான்று உண்டு. ஒத்தக்கடையை அடுத்த யானைமலையில் 2009-10ஆம் ஆண்டு வாக்கில் சிற்பக்கலை நகரம் ஒன்றை அமைக்க முன்வைக்கப்பட்ட திட்டம், சமணச் சிற்பங்களும் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயில்களும் கொண்ட அம்மலையைச் சிதைத்துவிடும் என்று நரசிங்கம், ஒத்தக்கடைப் பகுதி மக்கள் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவே எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய ‘பசுமை நடை’, தொல்லியல் அறிஞர்களின் துணையோடு பொதுமக்களைக் குன்றுகளுக்கும் கோயில்களுக்கும் அழைத்துச் சென்று வருகிறது. மலையைச் செதுக்க வந்த திட்டத்தை மறுத்த மக்கள் கலைக்கு எதிரிகள் அல்லர். அவர்களைக் கேட்காமல் வந்தது என்பதே அதன் முதல் குறை.

பட்டறை நடத்தும் இடத்துக்கு மதுரையில் பஞ்சமில்லை. தமுக்கம் அருகே 1959இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகமும் அதன் வளாகத்திலேயே உள்ள அரசு அருங்காட்சியகமும், புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும், 5 முதல் 16 வயது வரையிலான சிறுவர்களுக்குக் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றமும் இருக்கின்றன. அத்துறை மாவட்டக் கலை மன்றங்களின் வழியாக ஆண்டுதோறும் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயதுவாரியாக விருது வழங்குவதால் பெயர்ப் பட்டியலும் சேர்ந்துகொண்டே வருகிறது. ஆனால் விருதுப் பட்டியல் ஒருவரின் வயதையும் கலைப் பிரிவையும் சொல்லுமேயன்றி, அவர் எந்த வயதினரோடு பழகக் கூடியவர், ஊருக்கு வந்து நடத்துவாரா, என்ன பொருள்கள் தேவை, ஆண்டின் எந்த மாதங்களில் ஓய்வாக இருப்பார், எவ்வளவு ஊதியம் எதிர்பார்க்கிறார் என்பவற்றைச் சொல்லாது. ஒரு பள்ளித் தலைமையாசிரியருக்கோ மகளிர் குழுவுக்கோ ஊராட்சிக்கோ தேவைப்படுவது இந்த விவரங்களே.

ஊதியக் கணக்கிலும் பிடிமண் முறையிலிருந்து கற்க வேண்டியது உண்டு. பிடிமண்ணோடு வேளாருக்கு முன்பணமும் தரப்படுகிறது. மண் எடுப்பது முதல் சூளை பிரிப்பது வரையிலான நாள்கள் அனைத்தும் வேலை நாள்களாகவே கருதப்படுகின்றன. இன்றைய பட்டறைகளிலோ கலைஞர் பங்கேற்பாளர் முன் நிற்கும் இரண்டு மணி நேரத்துக்கே ஊதியம் கணக்கிடப்படுகிறது. வண்ணமும் தாளும் அவர் கைப்பணத்தில் வாங்கப்பட்டு, பற்றுச்சீட்டு கொடுத்த பல வாரங்களுக்குப் பிறகு தொகை வந்து சேர்கிறது. களிமண் பட்டறையானால், செய்தவை உலரவும் சூளையில் வேகவும் மேலும் பல நாள்கள் ஆகும்; அந்த இரண்டாம் கட்டத்துக்குச் செலவும் நாளும் ஒதுக்காத அமைப்பாளர், பங்கேற்பாளரிடம் சுடாத மண்ணைக் கொடுத்தனுப்புகிறார்.