விளம்பரம் வென்றதா? அளந்து பார்ப்போம்!

ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும், "அடடா, என்ன அழகு!" என்கிறோம். அழகாக இருந்தால் அது வெற்றி பெற்றதாகுமா? பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழைத் தண்ணீர் கலந்த பாலும் வாளியை நிரப்பும். ஆனால், கணக்கு அதிலுள்ள ரப்பருக்குத்தானே!

அண்டை நாடான சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். 1966-ஆம் ஆண்டில் அங்கே குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1972-இல் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்ற பிரசாரம் தொடங்கியது. தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் சுவரொட்டிகள் வந்தன. அவற்றுள் புகழ் பெற்ற ஒன்றில் ஒரே குடையின்கீழ் இரண்டு சிறுமிகள் நிற்பார்கள். ஆணோ பெண்ணோ, இரண்டே போதும் என்பது அதன் செய்தி.

ஏன் இரண்டு பெண் பிள்ளைகள்? ஆண் குழந்தை வேண்டுமென்றே பல குடும்பங்கள் மூன்றாவது, நான்காவது என்று பெற்று வந்தன. யாரையும் கடிந்துகொள்ளாமல் அந்த ஆசையைத்தான் படம் தொட்டது. மக்கள் மனத்தில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே விளம்பரக் கலைஞனின் கற்பனைத் திறன்.

சரி, பலன் என்ன? ஒரு பெண் தம் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி 1970-இல் 3-க்குச் சற்று மேல் இருந்தது. 1975-இல் அது ஏறத்தாழ 2 ஆயிற்று. பெரிய வெற்றி என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். 1957-இல் அந்தச் சராசரி 6-க்கும் மேல்! சுவரொட்டி வருவதற்கு முன்பே பாதியாகக் குறைந்துவிட்டது. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். கருத்தடை அறுவைக்குச் சட்டம் வழிவிட்டது. பிள்ளைகள் கூடக் கூடப் பிரசவக் கட்டணமும் கூடியது. புகழ் மாலை முழுவதையும் சுவரொட்டியின் கழுத்தில் போடுவது நியாயமாகுமா?

கதை அத்துடன் முடியவில்லை. சராசரி 2-இல் நிற்காமல் 1986-இல் 1.5-க்கும் கீழே போய்விட்டது. 1987-இல் அரசாங்கமே, வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலுமோ பெறுங்கள் என்று பிரசாரத்தைத் திருப்பியது. சீனர்களுக்கு உகந்த டிராகன் ஆண்டான 1988-இல் பிறப்பு உயர்ந்தது. பிறகு மீண்டும் இறங்கியது. 2023-இல் சராசரி 1-க்கும் கீழே. ஆழமாகச் சீவிய மரத்தில் பட்டை எளிதில் வளருமா?

நம் தோட்டத்திலோ ஊரிலோ தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்க்கவும் மது ஒழிக்கவும் பிரசாரம் செய்கிறோம். எத்தனை பதாகை கட்டினோம், எத்தனை பேர் கூடினார்கள் என்று எண்ணி மகிழ்கிறோம். அது வாளியின் அளவு. ரப்பரின் அளவு தெரிய மூன்று கேள்விகள் வேண்டும்: முன்பு எவ்வளவு இருந்தது? இப்போது எவ்வளவு? மாற்றத்துக்கு வேறு காரணம் உண்டா? இவற்றைத் தொடங்கும் முன்பே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

கடைக்காரர்களின் விளம்பரங்களுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. அது உங்கள் பணப்பை! அழகான படத்தை ஆசை தீர ரசியுங்கள். பையைத் திறக்கும்முன் மட்டும், 'இந்தப் பொருள் இல்லாமல் போன மாதம் நமக்கு என்ன குறைந்தது?' என்று வீட்டாரோடு கலந்து பேசுங்கள்.