ஆவணச் சேமிப்பிடத்தைப் பெருப்பிக்க முன்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தந்த புகைப்படங்கள், கடிதங்கள், முறைப்பாட்டுப் பிரதிகளை ஸ்கேன் செய்து வீட்டு சேர்வரில் சேமித்து வருகிறேன். ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் புரொக்ஸ்மொக்ஸ் மென்பொருள் அதில் உள்ளது.

மெய்நிகர் வட்டு நிரம்பினால் மூன்று படிகளில் பெருப்பிக்கலாம்: முதலில் புரொக்ஸ்மொக்ஸில் வட்டின் அளவு, அடுத்து மெய்நிகர் கணினிக்குள் பார்ட்டிஷன், இறுதியில் கோப்பு முறைமை. முதற்படியோடு நின்றால் கூட்டிய இடம் பயன்பாட்டுக்கு வராது.

சுருக்குவது ஆபத்தானது. கோப்பு முறைமையைச் சுருக்காமல் வட்டைக் குறைத்தால் தரவுகள் அழியும். சிறிய புதிய வட்டொன்றை உருவாக்கி, கோப்புகளை அதற்கு மாற்றுவதே பாதுகாப்பானது.

எதைச் செய்வதற்கு முன்னரும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுங்கள். அதே வட்டிலுள்ள ஸ்னப்ஷொட் போதாது. வட்டு பழுதானால் இரண்டும் போய்விடும். ஒரு தாயிடம் மிஞ்சியிருப்பது மகனின் ஒரேயொரு படமாக இருக்கலாம்.