தொகையீட்டு அப்பியாசம் – 9: பக்கத்தில் வந்து நின்ற பெருக்கம்

பிரதியிடல் முறையைச் சென்ற வாரம் விஸ்தாரமாகப் பார்த்தோம். அம்முறையில் நூறு கணக்குகளையேனும் கையால் போட்டுப் பழகியவரின் கண், புதிதாக ஒரு தொகையீடு எதிரே வந்தவுடன், உள்ளே பொதிந்த சார்பின் வகைக்கெழு வெளியே பெருக்கலாக நிற்கிறதா என்று தானாகவே தேடிப் பார்க்கும். அந்தத் தேடலே அப்பியாசத்தின் முதற் பலன் என்பது என் அபிப்பிராயம். இயல் மடக்கையின் அடியெண்ணாகிய 'ஈ'யின் அடுக்கில் ஒய் வர்க்கம் அமைந்து, அதன் அருகே ஒய் என்னும் பெருக்கமும் நின்றால், கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அப்பெருக்கம் இல்லையென்றாலோ, பிரதியிடல், பகுதித் தொகையீடு முதலிய சாதனங்கள் யாவும் பயனற்றுப் போகின்றன. இது நம் திறமைக் குறைவன்று. அத்தொகையீட்டை நாமறிந்த சாதாரணச் சார்புகளின் சேர்க்கையாக எழுதவே இயலாதென்பதைப் பிரெஞ்சுக் கணித மேதை லியூவில் 1830-களிலேயே நிரூபித்துவிட்டார்.

இத்தகைய சார்பைத்தான் பரீட்சைத்தாள்களில் இரட்டைத் தொகையீட்டுக்குள் வைக்கிறார்கள். எக்ஸ் 0 முதல் 1 வரை செல்ல, ஒவ்வோர் எக்ஸுக்கும் ஒய் அந்த எக்ஸிலிருந்து 1 வரை ஏற, 'ஈ'யின் ஒய்-வர்க்க அடுக்கை முதலில் ஒய்யைக் குறித்தும் பிறகு எக்ஸைக் குறித்தும் தொகையிடுக என்பது கேள்வி. கொடுத்த வரிசையிலேயே தொடங்குகிற மாணவர் முதற்படியிலேயே நின்றுவிடுகிறார். வகுப்பில் இக்கணக்கைக் கொடுக்கும்போதெல்லாம், சூத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் பென்சிலால் பிரதேசத்தை வரையுங்கள் என்பேன். ஆதிப் புள்ளியிலிருந்து 45 பாகையில் ஏறும் ஒரு சாய்கோடு, அதற்கு மேலே 1 என்னும் உயரத்தில் ஒரு கிடைக்கோடு, இடப்புறம் ஒய் அச்சு. மூன்றுக்கும் நடுவே ஒரு முக்கோணம். அதைச் செங்குத்தான கீற்றுகளாக வெட்டியதனால்தான் வழியடைந்தது. கிடையாக வெட்டிப் பாருங்கள்: ஒய் உயரத்தில் கிடக்கும் கீற்று, அச்சிலிருந்து சாய்கோடு வரை, அதாவது 0 முதல் ஒய் வரை நீள்கிறது, அதன் நெடுகிலும் ஒய் மாறாதாதலால் சார்பும் மாறாது நிற்க, கீற்றின் நீளமாகிய ஒய் அதனோடு பெருக்கலாக வந்து சேர்கிறது. எந்தப் பெருக்கம் இல்லாமல் தவித்தோமோ, அதுவே! மிஞ்சுவது ஒரு வரி. 'ஈ'யில் ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் விடை, ஏறத்தாழ 0.859.

வரிசையை மாற்றுவதற்குரிய பொது நியாயத்தை இத்தாலியரான ஃபுபினி 1907-இல் வகுத்தளித்தார். தொடர்ச்சியான சார்பும் எல்லைக்குட்பட்ட முக்கோணமும் உள்ள இடத்தில் அத்தனை பெரிய ஆயுதம் வேண்டியதில்லை.

இதே விஷயத்தின் இன்னும் அழகான உதாரணம், நிகழ்தகவுக் கணிதத்துக்கு ஆதாரமான மணி வடிவ வளைகோடு. அங்கே எக்ஸ் வர்க்கம் எதிர்க்குறியுடன் அடுக்கில் இருக்கிறது. துணைக்குப் பெருக்கம் ஏதுமில்லை. ஆயினும் இரு திசையிலும் முடிவிலி வரையுள்ள அதன் முழுப்பரப்பை லாப்லாஸ் 1774-லேயே கண்டறிந்தார். பின்னர் வந்த பாய்சானுடையதாகச் சொல்லப்படும் உபாயத்தை நான் எத்தனை முறை கற்பித்தாலும் மனம் நெகிழாமல் இருந்ததில்லை. பரப்பைத் தன்னாலேயே பெருக்குகிறோம், ஒன்றை எக்ஸிலும் மற்றதை ஒய்யிலும் எழுதி. ஒரு கோட்டின்மேல் நின்ற வளைவு, இப்போது சமதளத்தின்மேல் எழும்பிய ஒரு குன்றாகிறது. ஆதிப் புள்ளியிலிருந்து சமதூரத்தில் அதன் உயரம் எப்புறமும் ஒன்றே. ஆகவே அதைச் சதுரங்களாக வெட்டாமல், தண்ணீரில் பரவும் அலைபோல் வட்ட வளையங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு வளையத்தின் சுற்றளவிலும் ஆரம் ஒரு பெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது. தேடியது மறுபடியும் கிடைத்துவிட்டது. குன்றின் கனஅளவு சரியாகப் 'பை'. வளைகோட்டின் பரப்போ அதன் வர்க்கமூலம், சுமார் 1.772.

அடுத்த வாரத்துக்குள் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. எக்ஸ் 0 முதல் பை வரை. ஒய் எக்ஸிலிருந்து பை வரை. தொகையிட வேண்டியது சைன் ஒய்யை ஒய்யால் வகுத்தது. விடை 2. முக்கோணத்தை வரைந்த பின்னரே எழுதத் தொடங்குங்கள்.