இடுப்பில் ஒன்று... வயிற்றில் ஒன்று!

'சவலைப் பிள்ளை' என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் வீட்டில் இருக்கும் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். "தாய்க்காரி அடுத்ததை உண்டானதும், மூத்தது பாலு இல்லாம ஏங்கி இளைச்சுப் போகுமே, அதான் சவலை" என்று பட்டென்று சொல்லிவிடுவார்.

ஆச்சரியம் என்னவென்றால், கடல் தாண்டி ஆப்பிரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே பொருளில் ஒரு சொல் உண்டு. இன்றைய கானா நாட்டில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், உடம்பு வீங்கி, தோல் உரிந்து வந்த குழந்தைகளைப் பார்த்தார். அடுத்த குழந்தை வந்ததும் மூத்ததைப் பிடிக்கும் நோய் என்று அந்த ஊர்த் தாய்மார்கள் சொன்ன 'குவாஷியார்கர்' என்ற பெயரையே 1935-ல் மருத்துவ உலகத்துக்குச் சொன்னார். இரண்டு ஊர்ப் பாட்டிமார்களும் கண்டுகொண்டது ஒன்றுதான். தாய் மறுபடி கர்ப்பமானால், முதலில் அடிபடுவது மூத்த குழந்தையின் சாப்பாடு!

பால் கெட்டுப் போகுமா?

என்னிடம் வரும் மாமியார்கள் பலரும் சொல்வது இதுதான்: "டாக்டரம்மா, இவ முழுகாம இருக்கா. பாலு கெட்டுப் போயிருக்கும். வேப்பெண்ணெய் தடவி நிறுத்தச் சொல்லிட்டேன்."

கர்ப்பத்தால் பால் விஷமாகாது, கெட்டும் போகாது. நாலு, ஐந்து மாதத்தில் அளவு குறையும், ருசி மாறும். சில குழந்தைகள் தாங்களாகவே விட்டுவிடும். கர்ப்பம் சிக்கலில்லாமல் இருந்தால் பால் கொடுப்பதைத் தொடரலாம். முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், இப்போது ரத்தக்கசிவு உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் மட்டும் பிரசவம் பார்க்கும் டாக்டரைக் கேட்டு முடிவெடுங்கள்.

ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை, குழந்தைக்குத் தேவையான சக்தியில் மூன்றில் ஒரு பங்கு தாய்ப்பாலில் இருந்தே கிடைக்கலாம். அதை ஒரே ராத்திரியில் பறித்துவிட்டு, பதிலுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தால் பிள்ளை சவலையாகாமல் என்ன செய்யும்? நிறுத்தத்தான் வேண்டுமென்றால் முதலில் பகலில் ஒரு வேளை, சில நாள் கழித்து இன்னொரு வேளை என்று குறையுங்கள். ராத்திரிப் பாலைக் கடைசியாக நிறுத்துங்கள். அந்த இடத்தில் நெய் விட்ட பருப்பு சாதம், முட்டை, கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம் வரவேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு வேறு வழி. அதற்குத் தாய்ப்பாலே முழு உணவு என்பதால், பால் குறைந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மிச்சம் சாப்பிடும் அம்மா

"என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டால், "புள்ளை மிச்சம் வச்சதைச் சாப்பிட்டேன் டாக்டர், அதுவே வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று பதில் வரும். மூன்று உயிருக்குப் பாடுபடும் உடம்புக்கு, ரெண்டு வாய் ஆறிப்போன சோறு போதுமா? முதல் பிரசவத்தில் இழந்த ரத்தம் ஊறுவதற்குள் அடுத்த கரு தங்கியிருக்கிறது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பிணிக்கு அது ரத்தசோகை. மூச்சு வாங்குவது, படி ஏறினால் படபடப்பு, எதற்கெடுத்தாலும் பிள்ளை மேல் எரிந்து விழுவது... இதற்கெல்லாம் பின்னால் ரத்தக் குறைவு ஒளிந்திருக்கலாம்.

* குழந்தைக்கு ஊட்டும்போதே உங்களுக்கும் தனித் தட்டு போட்டுக்கொள்ளுங்கள்.

* முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, மீன் அடிக்கடி சேரட்டும். கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு காபி, டீ வேண்டாம்.

* சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நாலாவது மாதத்திலிருந்து தினமும் போடுங்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அதே நேரத்தில் போடாதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம்.

* அந்தச் சிவப்பு மாத்திரை குழந்தையின் கண்ணுக்கு மிட்டாய்! நாலைந்தை விழுங்கினாலும் ஆபத்து. உயரத்தில், பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

* அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் சத்துமாவு உண்டு, மூன்று வயது வரை குழந்தைக்கும் உண்டு. இரண்டு பெயரையும் பதிந்துகொள்ளுங்கள்.

தூக்கலாமா?

சிக்கலில்லாத கர்ப்பத்தில் பிள்ளையைத் தூக்குவதால் கரு கலைந்துவிடாது. ஆனால் இடுப்பு வலி வரும். குனிந்து தூக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, குழந்தையை மார்போடு அணைத்து எழுந்திருங்கள். அதைவிட நல்ல வழி, நீங்கள் தரையில் உட்கார்ந்துவிட்டு அவனையே மடிக்கு வரச் சொல்வது! ரத்தக்கசிவு, நஞ்சு இறக்கம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் தூக்கவே வேண்டாம்.

மூத்தது அடம் பிடிக்கும், புடவையைப் பிடித்துக்கொண்டே திரியும். "பாப்பா வந்தா உன்னைப் பார்க்க மாட்டேன்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது இரண்டையும் அப்பாவோ பாட்டியோ இப்போதே பழக்கிவிட்டால், பிரசவ நேரத்தில் பிள்ளை தவித்துப் போகாது. மதியம் அது தூங்கும்போது பாத்திரம் தேய்க்கப் போகாமல் நீங்களும் இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள்.

நாட்டு மருந்துதானே?

சித்த மருத்துவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வாந்திக்கு மாதுளை மணப்பாகு போன்றவை எங்களிடம் உண்டு. அதையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். செந்தூரம், பற்பம், கற்றாழை, பேதி மருந்து எதையும் கர்ப்பத்தில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ரத்தப்போக்கு, நீர் உடைதல், தலைவலியோடு கண் மங்கல், முகவீக்கம், சிசுவின் துடிப்பு குறைதல்... இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

"பால் கொடுக்கிறவரைக்கும் கரு தங்காது" என்று நம்பி ஏமாந்தவர்கள் பலர். முதல் ஆறு மாதம், இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாதவரைதான் அந்தப் பாதுகாப்பு. ஒரு பிரசவத்துக்கும் அடுத்துக் கருத்தரிப்பதற்கும் இடையே இரண்டு வருடமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. இந்தப் பிரசவம் முடிந்து வீடு திரும்புமுன், அதைப் பற்றிக் கணவரும் மனைவியுமாக டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளை மதியம் அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். மூத்தது சவலையாகாமல் இருப்பதும், வயிற்றில் இருப்பது எடையோடு பிறப்பதும் அந்தத் தட்டில்தான் ஆரம்பம்!