நீரிறைக்கும் மின்மோட்டாரின் ஸ்ராட்டரைப் பேணுதல்

வற்றாப்பளை போன்ற இடங்களில் கோடைகாலத் தோட்டச்செய்கை கிணற்று நீரையே நம்பியுள்ளது. மிளகாய் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் தறுவாயில் மோட்டார் எரிந்துபோனால், அதற்குக் கம்பி மீளச் சுற்றி முடிக்குமுன் பூவும் பிஞ்சும் உதிர்ந்துவிடும். மோட்டாரை அவ்வாறு எரியவிடாது காப்பது சுவரிற் பொருத்திய சிறு பெட்டியாகிய ஸ்ராட்டரே. ஆயினும் கமக்காரர் பலர் அதனைத் திறந்து பார்ப்பதே இல்லை.

ஸ்ராட்டரின் தொழில்

மோட்டார் புறப்படும்போது வழமையைப் போல 5 முதல் 7 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பின்னர் விரைவில் அது குறைந்துவிடும். உருகி இதனைத் தாங்கவேண்டியிருப்பதால், சிறிதளவு மிகைப்பாரம் நெடுநேரம் நீடிப்பினும் அது உருகாதிருக்கலாம். இக்குறையை நிறைவு செய்வது ஸ்ராட்டரிலுள்ள மிகைப்பாரக் காப்பு ஆகும். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடுகள் அதனுள் உள்ளன. மின்னோட்டம் மிகுந்து சூடேறினால் அவை வளைந்து மோட்டாரை நிறுத்தும்.

மோட்டார் தானே நின்றால்

இது ஸ்ராட்டரின் பழுதன்று. பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையே. பம்பியினுள் மணல் இறுகியிருக்கலாம், பெயரிங் தேய்ந்திருக்கலாம், மின்னழுத்தம் குறைந்திருக்கலாம், மூன்று கட்டங்களுள் ஒன்று அறுந்திருக்கலாம். சில நிமிடம் ஆறவிட்டுக் காரணத்தைக் கண்டு நீக்கிய பின்னரே மீண்டும் இயக்குதல் வேண்டும். பொத்தானைக் குச்சியால் இறுக்கி வைப்பதும், காப்பின் குறிமுள்ளை உயர்த்திவிடுவதும் மோட்டாரை எரிப்பதற்கு ஒப்பாகும். மோட்டாரின் தகட்டில் 4.8 அம்பியர் எனப் பொறித்திருப்பின், நேரடியாக இயக்கும் ஸ்ராட்டரில் குறிமுள்ளும் 4.8இல் நிற்றல் வேண்டும்.

பேணும் முறை

நந்திக்கடலை அடுத்த இப்பகுதியில் உப்புக்காற்றினால் உலோகம் விரைவிற் கறள் பிடிக்கும். ஆதலின் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் ஒருமுறையும், மாரி தொடங்குமுன் ஒருமுறையும் தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு பின்வருவனவற்றைச் செய்வித்தல் நன்று.

1. பிரதான ஆளியை நிறுத்தி, உருகிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்க. பிறர் அறியாது மின்சாரம் கொடுப்பதை இது தடுக்கும். மின் இல்லையென்பதைச் சோதித்த பின்னரே உள்ளே தொடுக. ஒருகட்ட மோட்டாரின் பெட்டியிற் கொள்ளளவி இருப்பின், நிறுத்திய பின்னும் அதில் மின் தங்கியிருக்கும்.

2. தூசி, எறும்புக்கூடு, பல்லி முதலியவற்றை உலர்ந்த தூரிகையால் அகற்றுக. கம்பி நுழையும் துவாரங்களை அடைத்து, மூடியின் இறப்பர்ப் பட்டியைச் சரிபார்க்க.

3. கம்பி முனைகளின் திருகாணிகளை இறுக்குக. தளர்ந்த முனை சூடேறிக் கருகும்.

4. வெள்ளி கலந்த தொடுமுனைகள் கறுத்திருப்பது குற்றமன்று. அவற்றை அரத்தால் அராவுதல் ஆகாது. ஆழமாகக் குழிவிழுந்து தேய்ந்தவற்றை மாற்றுக.

5. இயங்கும்போது ஸ்ராட்டர் உரத்து இரைந்தால், காந்த முகத்தில் அழுக்கோ கறளோ இருக்கலாம். உலர்ந்த துணியால் துடைக்க, எண்ணெய் பூசற்க.

6. புவித்தொடுப்புக் கம்பி அறாதிருப்பதை உறுதிசெய்க.

உருகி போனால் அதேயளவு உருகியையே இடுக. தடித்த கம்பியை இடுதல் உயிருக்கும் ஆபத்தாகும். ஈரக்கையுடன் ஸ்ராட்டரைத் தொடுதல் கூடாது.

ஆண்டில் இருமுறை செலவிடும் சிறிது நேரம், மோட்டாரை மட்டுமன்றி ஒரு போகத்தின் உழைப்பையும் காக்கும் என்பதைக் கமக்காரர் மனத்திற் கொள்வாராக.